பேருந்துக் கூரையில் வளையும் சோலார் பேனல்: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பேருந்தை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பு மேடையும் அமைத்து வீடாக மாற்றியவர்களுக்கு அடுத்து வரும் வேலை மின்சாரம். என் பேருந்துக்கு முதல் முறை வளையும் பேனல்களைப் பொருத்தியபோது, விற்றவர் சொன்னபடியே அவற்றைக் கூரைத் தகட்டின் மீது நேரடியாக ஒட்டிவிட்டேன். கொண்டலாம்பட்டிப் பக்கம் திறந்த வெளியில் நின்ற அந்த வண்டி, இரண்டாவது கோடையில் மாலையானால் விசிறியைக்கூட ஓட்ட முடியாத நிலைக்கு வந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, ஒரு பேனலின் நடுவில் செல்களை இணைக்கும் உலோகப் பட்டை சென்ற இடத்தில், ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பழுப்பு நிறத் தழும்பு ஒன்று இருந்தது. விரலால் அழுத்தினால் மேலுறை மெல்லிய கொப்புளம் போல் அமுங்கியது. பேனல் மலிவானது என்பது பாதிக் காரணம். அடியில் காற்றுக்கு வழியில்லாமல் ஒட்டியது மீதிக் காரணம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியது.

இந்த வகைப் பேனல் உங்களுக்குத் தேவையா?

கண்ணாடி பதித்த சாதாரண 100 வாட் பேனல் ஏழு கிலோ அளவுக்கு எடை வரும். வளையும் பேனல் இரண்டு முதல் இரண்டரை கிலோதான். தடிமனும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் பல டன் எடையுள்ள பேருந்துக்கு, ஆறு பேனல்களில் கிடைக்கும் முப்பது கிலோ மிச்சம் பெரிய விஷயமல்ல. கூரை தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால், கண்ணாடிப் பேனலையே சட்டம் அடித்துப் பொருத்துவது நல்லது. அது இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும், விலையும் வாட்டுக்குக் குறைவு. வளையும் பேனலிடம் அந்த ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது.

இது பொருந்தும் இடங்கள் வேறு. நம் ஊர்ப் பேருந்துகளின் கூரை பெரும்பாலும் குறுக்குவாட்டில் வளைந்தே இருக்கும். அதன் மேல் தட்டைப் பேனலை வைத்தால் ஓரங்கள் இறக்கை போல் தூக்கி நிற்கும். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தாழ்ந்து நிற்கும் மரக்கிளைகள் முதலில் உரசுவது அந்த இறக்கையைத்தான். கூரையோடு கூரையாகப் படியும் பேனலுக்கு அந்த ஆபத்து மிகவும் குறைவு. கூரையைத் தூக்கித் திறக்கும் வேன்களிலும், உயரம் குறைந்த கொட்டகையில் நிறுத்த வேண்டிய வண்டிகளிலும் இதைவிட வசதியானது வேறில்லை.

வண்டியின் அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பொருந்தும் என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கை முதலில் போடுங்கள்

பேனல் எத்தனை வாட் என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் ஒரு நாள் செலவு தீர்மானிக்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் 480 வாட்-மணி. 50 வாட் கம்ப்ரஸர் கொண்ட 24 வோல்ட் குளிர்பெட்டி நாளில் பாதி நேரம் இயங்கும் என்று வைத்தால் 600. விளக்குகளுக்கு 100, தண்ணீர் மோட்டார், கைப்பேசி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 200. மொத்தம் 1,380 வாட்-மணி. இட்லி மாவு அரைக்கும் 150 வாட் மேசைக் கிரைண்டரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அரை மணி நேரம் ஓடினாலும் அது 75 வாட்-மணிதான் எடுக்கும். பயப்பட வேண்டியது இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்துத்தான். சமையலைக் கேஸில் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

இனி வரவு. தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். 100 வாட் பேனல்கள் ஆறு, அதாவது 600 வாட்டுக்கு அது காகிதத்தில் 3,000 வாட்-மணி. வெப்பம், தூசி, கம்பி இழப்பு, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் இழப்பு ஆகியவற்றைக் கழித்து 65 சதவீதம் என்று வைத்தால் 1,950 வரும். மேலே போட்ட செலவுக்கு இது போதும். கார்த்திகை மாத மூடுபனியில் ஏற்காட்டில் நாள் முழுவதும் நின்றால், இதில் கால் பங்குகூடக் கிடைக்காது என்று எண்ணியே திட்டமிட வேண்டும். அதற்காகப் பேனலை நான்கு மடங்கு பெருக்குவது வீண். 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று ஒன்றரை நாளைத் தாக்குப்பிடிக்கும். மீதியை வண்டி ஓடும்போது என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

பேனலைச் சாய்த்து வைக்க முடியவில்லையே என்ற கவலை நமக்கு வேண்டாம். சேலம் வடக்கு அட்சரேகை 11.65 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 ஆகிய தேதிகளையொட்டி நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. டிசம்பரில்கூட உச்சியிலிருந்து 35 டிகிரி வரைதான் விலகும். குளிர்நாட்டு வண்டிகளுக்குச் சொல்லப்படும் சாய்வு விதிகளை இங்கே அப்படியே பின்பற்றத் தேவையில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இணையத்தில் விற்கும் பேனல்களில் 300 வாட், 400 வாட் என்று அச்சிட்ட பொய்கள் மிகுதி. அவற்றைப் பிடிக்க அளவு நாடா போதும். நல்ல மோனோகிரிஸ்டலைன் செல், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் தரும். 100 வாட் பேனலுக்கு அரை சதுர மீட்டர் பரப்பாவது வேண்டும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமுள்ள பேனலில் 300 வாட் என்று எழுதியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேலுறை இ.டி.எஃப்.இ. என்ற ஃபுளோரின் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தேன்கூட்டுப் புள்ளிகள் போன்ற சொரசொரப்போடு வரும். பி.இ.டி. என்ற மலிவான பிளாஸ்டிக் உறை நம் வெயிலில் விரைவாக மஞ்சளித்து உரியும். செல்களின் மேற்பரப்பில் பட்டைகள் ஓடாமல் பின்புறத்தில் தொடர்புகள் அமைந்த வகை கிடைத்தால், சற்று அதிக விலை கொடுத்தாலும் அதையே எடுக்கலாம். நுண்விரிசல் விழுந்தாலும் அது ஓரளவு தாங்கும். இணைப்புப் பெட்டி பேனலின் மேற்புறத்தில் இருக்கட்டும். அடியில் இருந்தால் கூரையில் படியாது.

வீட்டுக்கு வந்ததும், கூரைக்கு ஏற்றும் முன், நண்பகல் வெயிலில் ஒவ்வொரு பேனலையும் தரையில் விரித்து மல்டிமீட்டரால் திறந்த சுற்று வோல்டேஜையும் (எதையும் இணைக்காதபோது வருவது) குறுக்குச் சுற்று ஆம்பியரையும் (இரு முனைகளையும் நேரடியாகச் சேர்த்தால் ஓடுவது) அளந்து, பின்புறத்தில் எழுதி வையுங்கள். ஆறில் ஒன்று மட்டும் ஆம்பியரில் பின்தங்கினால், மாற்றிக்கொள்ள அதுவே நேரம்.

வெப்பமும் இணைப்பு முறையும்

பேனலில் அச்சிட்ட வாட் கணக்கு, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்று வைத்துப் போடப்படுகிறது. சித்திரை மாதத்து நண்பகலில் தகட்டோடு ஒட்டிய பேனலின் செல் 70 டிகிரியை எளிதாகத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவதால், 45 டிகிரி ஏற்றத்துக்கு 18 சதவீதம் போய்விடுகிறது. இந்த இழப்பு பெரும்பாலும் வோல்டேஜில்தான் நிகழ்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என் முதல் அமைப்பு மாலையில் படுத்துவிட்டதற்கு இதுவும் காரணம்.

பெரிய பேருந்துகளின் மின்னமைப்பு 24 வோல்ட். 100 வாட் பேனல் ஒன்றின் இயக்க வோல்டேஜ் சுமார் 18. இரண்டைத் தொடர் இணைப்பில் கோத்தால் 36 வோல்ட் வருகிறதே, 24க்கு இது போதாதா என்று நானும் எண்ணினேன். 70 டிகிரியில் அந்த 36 வோல்ட் 29.5 ஆகச் சுருங்கிவிடும். பேட்டரி நிறைய 28.4 வோல்ட் வேண்டும். கன்ட்ரோலருக்கு அதற்கும் மேலே சில வோல்ட் இடைவெளி வேண்டும். எனவே வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்திலேயே சார்ஜ் ஏறாமல் நிற்கும். காலை ஒன்பது மணிக்கு நன்றாக ஓடுவது மதியம் ஒரு மணிக்கு மக்கர் செய்தால், பேட்டரியைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

ஆகவே 24 வோல்ட் பேருந்துக்கு மும்மூன்றாகத் தொடர் இணைப்பு அமைக்க வேண்டும். மூன்று பேனல்கள் 54 வோல்ட். கொதிக்கும் கூரையிலும் 44க்குக் குறையாது. திறந்த சுற்றில் 66 வோல்ட் வரும். ஏற்காட்டின் குளிர்ந்த அதிகாலையில் அது 70ஐ நெருங்கலாம். 100 வோல்ட், 30 ஆம்பியர் தாங்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் வகை) இதற்குப் பொருந்தும், பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர் மலிவு என்றாலும் கூடுதல் வோல்டேஜை வீணாக்கிவிடும். சிறிய வேன்களில் 12 வோல்ட் அமைப்பு இருந்தால் இரண்டிரண்டாகக் கோத்தாலே போதும்.

எந்த மூன்றை ஒன்றாகக் கோப்பது என்பதும் முக்கியம். வளைந்த கூரையின் இடச் சரிவும் வலச் சரிவும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஒளியைப் பெறுவதில்லை. தொடர் இணைப்பில் குறைந்த ஒளி பெறும் பேனல் மற்றவற்றின் ஆம்பியரையும் இழுத்துப்பிடிக்கும். இடப்பக்க மூன்றும் ஒரு வரிசை, வலப்பக்க மூன்றும் ஒரு வரிசை என்று பிரித்து, இரண்டு வரிசைகளையும் பக்க இணைப்பில் (பேரலலாக) சேருங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் ஓரத்தில் சில்வர் ஓக் மர நிழல் வண்டியின் ஒரு பக்கத்தில் விழுந்தாலும் மறுபக்கம் வேலை செய்யும்.

கூரையைத் தயார் செய்தல்

காகிதத்தை விரித்து, கூரையின் ரிவெட் வரிசைகள், குறுக்குச் சட்டங்கள், காற்றுத் திறப்புகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பேனலையும் கூரை ஓரத்தின் இறுக்கமான வளைவுக்குள் தள்ளக் கூடாது. "வளையும்" என்ற பெயரை நம்பி நாற்காலி முதுகைப் போல் வளைத்தால் செல் நொறுங்கும், நொறுங்கியது கண்ணுக்கும் தெரியாது. தயாரிப்பாளர் 30 டிகிரி என்று சொன்னால், அது மொத்த நீளத்துக்கும் சீராகப் பரவிய வளைவு என்றே பொருள்.

துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேனலுக்கும் தகட்டுக்கும் இடையில் காற்று ஓட, கொட்டகைக் கூரைக்கு விற்கும் 6 மி.மீ. இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் தகட்டைப் பரப்புவதே எனக்குத் தெரிந்த எளிய வழி. இந்த முறையை நான் கேட்டபோது பாடி கட்டும் பட்டறைக்காரர், "ஒட்டி விட்டா வேலை முடிஞ்சுதுங்க, எதுக்குங்க நடுவுல இன்னொரு தகடு?" என்றார். வெயிலில் நின்ற பேருந்தின் கூரையில் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். மூன்று நொடிகளில் கையை எடுத்துக்கொண்டு, தகட்டை வெட்ட ரம்பம் எடுக்கப் போனார்.

பாலிகார்பனேட்டின் உள்குழாய்கள் வண்டியின் குறுக்கே, அதாவது கூரையின் முகட்டிலிருந்து ஓரம் நோக்கி ஓட வேண்டும். தகடு அந்தத் திசையில்தான் ஒடியாமல் வளையும், 6 மி.மீ. தகட்டை ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக் கூடாது. அப்படி வைத்தால் சூடான காற்று மேலேறி முகட்டில் வெளியேறும், மழைநீர் கீழே வடியும். அதற்காக முகட்டில் இரண்டு பக்கத் தகடுகளுக்கும் இடையே இரண்டு விரல் அகலம் இடைவெளி விடுங்கள். குழாய் வாய்களை மெல்லிய கொசுவலையால் மூடுங்கள். மூடாவிட்டால் ஒரே மாதத்தில் குளவி மண்கூடு கட்டிவிடும். தின்னரும் அசிட்டோனும் பாலிகார்பனேட்டில் விரிசல் விழ வைக்கும் என்பதால் அவற்றை அருகில் கொண்டுவர வேண்டாம்.

இந்தத் தகட்டால் இன்னொரு பயனும் உண்டு. ரிவெட் தலைகள் பேனலின் அடியில் குத்தாது; பின்னாளில் பேனலைக் கழற்றும்போது கூரையின் வண்ணமும் உரியாது.

ஒட்டுதலும் கம்பி இறக்குதலும்

வேலையைக் காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். சூடான தகட்டில் பசை மேலே மட்டும் தோல் கட்டிக்கொள்ளும். பாலிகார்பனேட்டோடு ஒத்துப்போகும் எம்.எஸ். பாலிமர் பசையை ஒரு துண்டில் சோதித்துப் பார்த்த பின், குழாய்கள் ஓடும் திசையிலேயே 5 மி.மீ. தடிமனுள்ள கோடுகளாக இடுங்கள். முழுப் பரப்பிலும் பூசக் கூடாது, நான்கு ஓரங்களையும் அடைக்கவும் கூடாது. உள்ளே புகும் நீர் வெளியேற வழி வேண்டும். கையை விரித்து மெதுவாக அழுத்துங்கள், முழங்காலை ஒருபோதும் ஊன்ற வேண்டாம். ஓட்டுநர் பக்கம் நோக்கிய முன் ஓரத்தில்தான் காற்று புகுந்து பேனலை உரிக்கும். அங்கே மட்டும் மெல்லிய அலுமினியப் பட்டையை வைத்துத் திருகி, திருகின் மேல் சீலன்ட் இடுங்கள். இரண்டு நாள் வண்டியை நகர்த்தாதீர்கள்.

இரண்டு வரிசைகளின் கம்பிகளையும் முகட்டில் ஒரு நீர்புகா கிளாண்டுப் பெட்டியில் (கம்பி நுழையும் வாயை இறுக்கி அடைக்கும் பெட்டி) சேர்த்து, ரப்பர் வளையம் இட்ட ஒரே துளை வழியாக உள்ளே இறக்குங்கள். துளை எத்தனை குறைகிறதோ அத்தனை ஒழுக்கு குறையும். பேனலிலிருந்து கன்ட்ரோலர் வரை எட்டு மீட்டர் தூரம், 11 ஆம்பியர் ஓட்டம் என்றால், 6 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் அரை வோல்ட்தான் இழப்பு. பேனல் கம்பிகளின் முனையில் வரும் எம்.சி.4 இணைப்பிகளை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் மட்டுமே அழுத்துங்கள்; இடுக்கியால் நசுக்கிய இணைப்பு சூடாகி உருகியதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே தொங்கும் கம்பி ஒரு சாண்கூட இருக்கக் கூடாது. மலைப்பாதையில் வண்டி நின்றால் கூரையில் ஏறும் குரங்குகள், தொங்குவது எதுவானாலும் இழுத்துப் பார்க்காமல் போவதில்லை.

பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் இரு முனை டி.சி. (நேர் மின்சார) பிரேக்கர் வேண்டும். வீட்டுக்கு வாங்கும் ஏ.சி. (மாறுதிசை மின்சார) பிரேக்கர் இங்கே உதவாது. நேர் மின்சாரத்தில் தீப்பொறி அணையாமல் நின்றுவிடும். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், 40 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். பேட்டரி கட்டிலுக்கு அடியில் இருக்கலாம், ஆனால் என்ஜின் சூடு வரும் பக்கமாக வேண்டாம்.

முதல் முறை இயக்கும்போது

பேனல்களைத் தடித்த போர்வையால் மூடிவிட்டு, முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைத்து, பேட்டரி வகையையும் 28.4 வோல்ட் சார்ஜ் அளவையும் அமையுங்கள். அதன் பிறகே பேனல். கழற்றும்போது இந்த வரிசை தலைகீழ். பேனலை இணைக்கும் முன் போர்வையை நீக்கி இரண்டு வரிசைகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். சூடான கூரையில் ஒவ்வொன்றும் 58 வோல்ட் அளவில் இருக்கும். ஒன்று 20 வோல்ட் வரை குறைந்தால் ஒரு பேனல் சுற்றில் இல்லை. குறியீடு எதிர்மறையாக வந்தால் முனைகள் மாறியிருக்கின்றன.

முதல் ஏற்காட்டுப் பயணம் முடிந்து அடிவாரம் இறங்கியதும், நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். மாதம் ஒரு முறை நண்பகலில் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொரு செல்லையும் குறி வையுங்கள். பக்கத்துச் செல்லைவிட ஒன்று மட்டும் 15 டிகிரி அதிகம் காட்டினால் அங்கே கருகல் தொடங்குகிறது. பேனலைக் கழுவ விடியற்காலைதான் நேரம். சேலத்து ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும் என்பதால், கடைசிக் குடம் மழைநீராகவோ ஆர்.ஓ. நீராகவோ இருக்கட்டும். கருப்பூர், ஓமலூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் மேலுறை முழுக்கக் கீறல்தான்.

நிழலில் வண்டியை நிறுத்தினால் மனிதருக்குச் சுகம், பேனலுக்குப் பட்டினி. இதற்கு ஒரே தீர்வு, கூரையில் ஒட்டாத ஏழாவது பேனல். தனியாக ஒரு சிறு கன்ட்ரோலரும் பத்து மீட்டர் கம்பியும் வைத்து, வண்டி மரத்தடியில் நிற்க, பேனலை மட்டும் வெயிலுக்குத் தூக்கிப் போங்கள். இரண்டு கிலோ எடையின் அருமை கூரையைவிட இங்கேதான் தெரியும். ஏற்காட்டில் காலைப் பனி விலகியதும் ஒரு பாறையின் மேல் விரித்துவிட்டால், காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆம்பியர் ஏறத் தொடங்கும்.

ஒரு நாள் கூரைப் பேனலை மாற்றவும் வேண்டிவரும். பிரேக்கரை அணைத்துப் பேனலை மூடிய பின், தடித்த தூண்டில் நரம்பின் இரு முனைகளிலும் குச்சி கட்டி, இருவர் எதிரெதிரே நின்று ரம்பம் இழுப்பது போல் பசைக் கோடுகளை அறுங்கள். வெயிலில் பசை இளகியிருக்கும் பிற்பகல் இதற்கு ஏற்றது. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகளுக்குள் சோலார் பேனலும் வருவதால், கழற்றியதைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.